1098-டி மட்டும் போதாது: மகன் படித்த ஐந்து வரி ஆண்டுகளும் எங்கள் வீட்டு டாக்ஸ் சாஃப்ட்வேரும்

மகன் 2021 ஆகஸ்டில் காலேஜ் சேர்ந்தான், 2025 மே மாதம் பட்டம் வாங்கினான். படித்தது நாலு வருஷம்தான். வரிக் கணக்கில் அது ஐந்து வருஷம்: 2021, 2022, 2023, 2024, 2025. ஆனால் காலேஜ் செலவுக்காக ஃபெடரல் வரியில் கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் என்ற சலுகையை ஒரு மாணவருக்கு நாலு முறைதான் வாங்க முடியும். இது என் மண்டையில் ஏறவே மூன்று ஃபைலிங் சீசன் ஆயிற்று.

நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். டாக்ஸை நான்தான் பல வருஷமாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சாஃப்ட்வேரில் போடுகிறேன். "ஆடிட்டர், ஒரு சி.பி.ஏ.கிட்ட குடுத்துடலாமே" என்று இவர் பிப்ரவரி தோறும் சொல்வார், நான் கேட்டதில்லை. இரண்டு சாஃப்ட்வேர் பார்த்துவிட்டேன். பெயர் எதற்கு, இரண்டும் கணக்கில் சரிதான். என் புகார் வேறு.

முதல் வருஷம் இலவசப் பதிப்பில் பாதி வேலை முடித்த பிறகு 1098-டி (காலேஜ் அனுப்பும் டியூஷன் கணக்கு ஃபார்ம்) பக்கத்துக்கு வந்தேன். இந்த ஃபார்ம் வேண்டுமானால் காசு கட்டி மேல் பதிப்புக்குப் போ என்றது. இரண்டு மணி நேரம் தட்டெழுதியதை விட்டுவிட்டு வர யாருக்கு மனசு வரும்? கட்டினேன். ஸ்டேட் ரிட்டர்னுக்குத் தனிக் காசு. காலேஜ் பிள்ளை இருக்கிறவர்கள் ஆரம்பிக்கும் முன்பே ஃபார்ம் 8863 எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கிரெடிட் அந்த ஃபார்மில்தான் போகிறது.

1098-டியில் பார்க்க வேண்டிய பெட்டிகள் இரண்டு. பாக்ஸ் 1 என்பது அந்தக் காலண்டர் வருஷத்தில் டியூஷனுக்காகக் காலேஜுக்கு வந்து சேர்ந்த பணம். பாக்ஸ் 5 என்பது உதவித்தொகை. எங்களுக்கு 2021இல் 7,100ம் 4,600ம் இருந்தன. இரண்டையும் அடித்தேன். மீதி 2,500. முதல் 2,000 டாலருக்கு முழுசாக, அடுத்த 2,000க்குக் கால் பங்கு என்பது விதி. ஆக 2,125 டாலர் கிரெடிட் என்று காட்டியது. சந்தோஷமாக அனுப்பிவிட்டேன்.

புத்தகத்துக்கும் லேப் சாமானுக்கும் வெளியே கடையில் 820 டாலர் கொடுத்திருந்தோம். பாடத்துக்கு அவசியமானது என்றால் இந்தக் கிரெடிட்டுக்கு அதுவும் சேரும், காலேஜில்தான் வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை. 1098-டியில் அது வராது, வரவும் முடியாது. சாஃப்ட்வேர் கேட்டிருந்தது. எப்படிக் கேட்டது தெரியுமா? "வேறு கல்விச் செலவு உண்டா?" என்று ஒரு வரி, கீழே 'ஆம்', 'இல்லை'. நானும் ஃபார்மில் இருப்பதுதானே எல்லாம் என்று 'இல்லை' போட்டேன். விஷயம் புரிந்தபின் 2023இல் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தினேன். கிரெடிட் 2,330 ஆயிற்று. 205 டாலருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

2022 இன்னும் சுவாரசியம். துறையிலிருந்து இன்னொரு உதவித்தொகை கிடைத்தது. பாக்ஸ் 1இல் 14,400, பாக்ஸ் 5இல் 12,900. மீதி வெறும் 1,500. புத்தகம் 700 சேர்த்து 2,200, கிரெடிட் 2,050. இந்த முறை 'தொடர்க' பொத்தானை அமுக்காமல் ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். அப்போதுதான் ஒரு கேள்வி கண்ணில் பட்டது: உதவித்தொகையில் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போயிற்று? போன வருஷம் இதற்குச் சைபர் போட்டிருந்தேன்.

அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கிரெடிட் கிடையாது. அதனால் உதவித்தொகையின் ஒரு பகுதி அதற்குப் போனதாகக் காட்டினால், அந்தப் பகுதி மாணவருடைய வரிக்குரிய வருமானமாகிவிடும். ஆனால் அவ்வளவு டியூஷன் நம் கையிலிருந்து கட்டியதாக ஆகும். உதவித்தொகைக் கடிதத்தில் டியூஷனுக்கு மட்டும் என்று கட்டுப்பாடு இருந்தால் இது செல்லாது. எங்கள் கடிதத்தை எடுத்து வரிக்கு வரி பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை. 1,800 டாலரை அந்தப் பக்கம் தள்ளினேன். எங்கள் செலவு 4,000 ஆகி, முழுக் கிரெடிட் 2,500 வந்தது. பையனுக்குக் கோடை வேலையில் வந்த 3,200ஓடு இந்த 1,800 சேர்ந்தும் 5,000தான். தனி ஆளுக்கு அந்த வருஷம் வரி போடாமல் அதிகபட்சம் விடும் தொகை, அதாவது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 12,950. அவனுக்கு ஒரு பைசா வரி இல்லை. 450 டாலர் லாபம், அதுவும் முழுக்க விதிப்படி. இப்படிச் செய்தால் லாபம் என்று சாஃப்ட்வேர் வாய் திறக்கவில்லை. கேட்ட கேள்விக்கு நீ சொன்ன பதிலை வைத்துக் கணக்குப் போடும், அவ்வளவுதான்.

529 (படிப்புக்கென்று வரிச் சலுகையோடு சேமிக்கும்) கணக்கு வைத்திருப்பவர்கள் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அறை, சாப்பாட்டுக்கு 529 பணத்தைச் செலவிடலாம். ஆகவே டியூஷனில் முதல் 4,000 டாலரை 529 தொடாமல் விட்டுவையுங்கள். ஒரே செலவுக்கு இரண்டு சலுகை கிடையாது.

2023க்கான ரிட்டர்னை மார்ச்சில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் 'ரிஜெக்டட்' என்று மின்னஞ்சல். டிபென்டன்டின், அதாவது எங்கள் பொறுப்பில் இருப்பதாக நாங்கள் காட்டிய மகனின், சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே இன்னொரு ரிட்டர்னில் வந்துவிட்டதாம். யாரோ திருடிவிட்டான் என்று நெஞ்சு படபடத்தது. பையனைக் கூப்பிட்டேன்.

"நீ ஏதாவது டாக்ஸ் போட்டியாடா?"

"ஆமாம்மா, போன்ல போட்டேன். சம்பளத்துல, டபிள்யூ-2ல பிடிச்ச காசு திரும்பி வரும்னு ஃப்ரெண்ட் சொன்னான்."

"வேற யாராவது உன்னை டிபென்டன்டா காட்ட முடியுமான்னு கேட்டிருக்குமே?"

"முடியாதுன்னு போட்டேன். நான்தானே சம்பாதிக்கிறேன்!"

பிள்ளை டிபென்டன்ட் என்றால் கிரெடிட் நமக்கு, ஃபீஸை யார் கட்டியிருந்தாலும். பிள்ளை தனியே ரிட்டர்ன் போடலாம், அந்த ஒரு பெட்டியில் மட்டும் சரியாகக் குறித்தால் போதும். அவனைத் திருத்தம் போடச் சொல்லிவிட்டு எங்கள் ரிட்டர்னை அச்செடுத்துத் தபாலில் அனுப்பினோம். ரீஃபண்ட் வர மாதங்கள் ஆயின. 2025 சீசனிலிருந்து நம்மிடம் ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித்துறை) தரும் ஐபி பின் என்ற ரகசிய அடையாள எண் இருந்தால், இப்படி இரட்டிப்பு வந்தாலும் ஈ-ஃபைலை ஏற்றுக்கொள்கிறார்கள். இது தெரிந்த அன்றைக்கே நான் அதை வாங்கிவிட்டேன்.

2024இல்தான் சாஃப்ட்வேர் மாற்றினேன், விலைக்காக. பழைய ரிட்டர்னின் பி.டி.எஃப்.பை ஏற்றினால் பெயர், விலாசம் எல்லாம் வந்தது. இந்த மாணவருக்கு எத்தனை வருஷம் இந்தக் கிரெடிட் வாங்கியிருக்கிறீர்கள் என்ற கட்டம் மட்டும் காலி. பழைய 8863களை எடுத்து எண்ணிப் பார்த்து 3 என்று போட்டேன். ஞாபகத்தில் போடும் விஷயமில்லை இது. தெரிந்தே விதியை மதிக்காமல் தப்பாக வாங்கியதாக முடிவு கட்டினால் இரண்டு வருஷத்துக்குத் தடை போடுவார்கள். நியூ ஜெர்சிக்காரர்கள் இன்னொன்றும் பாருங்கள்: 2022 முதல், வருமானம் 2,00,000க்கு மேல் போகாதவர்களுக்கு இங்குள்ள காலேஜ் டியூஷனில் 10,000 வரை ஸ்டேட் ரிட்டர்னில் கழிவு உண்டு. ஃபெடரல் பக்கத்தில் அடித்தது அங்கே தானாக வரவில்லை, மறுபடி அடித்தேன்.

நடுவில் அக்கா மகன் கதை. எஃப்-1 விசாவில் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன், முதல் வருஷம். "சித்தி, ஃப்ரீ சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தேன், எனக்கு 1,000 டாலர் வருதுன்னு காட்டுது!" அனுப்பிட்டியா என்றுதான் முதலில் கேட்டேன். நல்லவேளை, இல்லை. மாணவ விசாவில் முதல் ஐந்து காலண்டர் வருஷம் பொதுவாக நான்ரெசிடென்ட்தான், வரிக் கணக்கில் இங்கே வசிக்காதவர். ஃபைல் செய்ய வேண்டியது 1040-என்ஆர், அதில் அவனுக்கு இந்தக் கிரெடிட் இல்லை. கடைத்தெரு சாஃப்ட்வேர் பெரும்பாலும் ரெசிடென்டுகளுக்கான 1040 மட்டுமே போடும். அவன் அதற்குள் போய் உட்கார்ந்ததுமே ரெசிடென்ட் ஆகிவிட்டான். எச்-4இல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா), சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்குத் தரும் ஐடிஐஎன் என்ற வரி எண்ணோடு இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் கவனியுங்கள்: 2026 வரி ஆண்டு முதல் இந்தக் கிரெடிட்டுகளுக்கு வேலை பார்க்கத் தகுதியான சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும்.

கடைசியாக 2025. ஸ்பிரிங் ஃபீஸை ஜனவரியில் கட்டியிருந்தோம். பாக்ஸ் 1இல் 7,800, பாக்ஸ் 5இல் 3,500, மீதி 4,300. நாலு முறையும் வாங்கி முடித்ததால் கிடைத்தது லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற இன்னொரு படிப்புச் சலுகை. அது செலவில் 20 சதவீதம், 860 டாலர். 2,500 வந்திருக்க வேண்டிய இடம். 2021ஐ விட்டுவிட்டு இதில் வாங்கியிருக்கலாமே என்று வயிற்றெரிச்சல். இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்றால் மிகை, ஒரு ராத்திரி உண்மை.

மறுநாள் ஒரு கவரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 2021இல் லைஃப்டைம் கிரெடிட் எடுத்திருந்தால், வெளியே வாங்கிய புத்தகம் அதில் சேராது, 2,500இல் 20 சதவீதம் 500. அதோடு 2025க்கு 2,500. மொத்தம் 3,000. நான் வாங்கியது 2,330ம் 860ம், 3,190. அந்த ஞாயிற்றுக்கிழமைத் திருத்தத்தைப் போடாமல் விட்டிருந்தால் 2,985 என்று நின்றிருக்கும். கவரை இவரிடம் காட்டினேன். "அப்ப சி.பி.ஏ. வேண்டாம்" என்றார்.

இளையவள் ஆகஸ்டில் சேருகிறாள். காலேஜ் போர்ட்டலில் வரவு செலவுக் கணக்கை செமஸ்டர் முடிவில் பி.டி.எஃப். எடுத்து அனுப்ப வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். ஃபோனில் எந்த டாக்ஸ் ஆப்பும் கூடாது என்றும்.