லினக்ஸுக்குக் ‘காப்புரிமைப் பாதுகாப்பு’ விற்க வருகிறார்கள், பணம் கொடுக்காதீர்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. எடை, சேதாரம், கூலி எல்லாக் கணக்கும் லினக்ஸ் (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும், யாரும் பகிரக்கூடிய மென்பொருள்) போட்ட 6 கணினிகளில்தான் இருக்கிறது. ஆடியில் ஒருவர் தோல் பையோடு வந்தார். “அண்ணா, லினக்ஸுக்குள் பெரிய நிறுவனத்தின் காப்புரிமைகள் (பேடன்ட்) கிடக்கின்றன. எங்கள் சான்று இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்” என்றார். கணினிக்கு 3,500 வீதம் 21,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, தங்க நிற முத்திரை ஒட்டிய தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உரைத்துப் பார்க்காமல் வெள்ளி வாங்காத நான், தாளை வாசிக்காமல் வாங்கிவிட்டேன்.

கீழே பொடி எழுத்தில் இருந்ததை அக்கா மகன்தான் படித்தான்: ‘இந்த நகலை வேறு கணினியில் நிறுவவோ பிறருக்குத் தரவோ கூடாது.’ “மாமா, லினக்ஸை இப்படிக் கட்டிப்போட யாருக்கும் உரிமை இல்லை” என்றான். லினக்ஸின் மையப் பகுதியான கரு, ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வருகிறது. வாங்கியவருக்குப் புதுத் தடை எதுவும் விதிக்கக் கூடாது என்கிறது அதன் 6ஆம் பிரிவு. காப்புரிமையின் பெயரால் இலவசமாகப் பகிர முடியாமல் போகுமானால், அதை விநியோகிக்கவே கூடாது என்கிறது 7ஆம் பிரிவு.

வந்தவர் காட்டிய பழைய செய்தி மட்டும் உண்மை. 2006 நவம்பர் 2 அன்று மைக்ரோசாஃப்டும், லினக்ஸ் விற்றுவந்த நோவெல் நிறுவனமும், ஒருவர் வாடிக்கையாளர் மேல் மற்றவர் காப்புரிமை வழக்குப் போடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்படியானால் மற்றவர்கள் கதி? லினக்ஸ், விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரமி அல்லிசன் இதை எதிர்த்து நோவெலை விட்டே வெளியேறினார். லினக்ஸிலும் பிற திறந்தநிலை மென்பொருள்களிலும் தன் 235 காப்புரிமைகள் மீறப்பட்டதாக 2007இல் மைக்ரோசாஃப்ட் சொன்னதே தவிர, பட்டியலை வெளியிடவில்லை. அந்த ஜூனில் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு இத்தகைய ஒப்பந்தங்களுக்குக் கதவடைத்தது. 2018இல் அதே மைக்ரோசாஃப்ட், 60,000க்கும் மேற்பட்ட காப்புரிமைகளோடு, லினக்ஸைக் காப்புரிமை வழக்குகளிலிருந்து காக்கும் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. இதைத் தோல் பைக்காரர் சொல்லவில்லை. வெறும் கணினி நிரலுக்கு இந்தியாவில் காப்புரிமையே கிடையாது என்பதையும் சொல்லவில்லை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவில் அது இருக்கிறது.

“எந்தக் காப்புரிமை? எண்ணைச் சொல்லுங்கள்” என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். உங்களிடம் வந்தாலும் முதலில் அந்த எண்ணையே கேளுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அதே தோல் பையோடு அவரை லீ பஜாரில் பார்த்ததாக நேற்று ஒரு மண்டிக்காரர் சொன்னார்.