மாற்றிப் பார்ப்பதா, மீட்டர் வைப்பதா, ஒலி ஓட்டிப் பார்ப்பதா: முரண்டு பிடிக்கும் பேஸ் கேபினட்

பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் கேபினட் பெரும்பாலும் ஒரேயடியாக ஊமையாகிவிடுவதில்லை. ஒரே ஒரு சுரத்துக்குக் கரகரக்கும். திடீரென ஒலி மெலியும். நடுவில் அடங்கிவிட்டு, தட்டினால் மறுபடி பாடும். கோளாறைக் கண்டுபிடிக்க வாசிப்பவர்கள் கையாளும் வழிகள் மூன்று: வேறொன்றை மாற்றிப் பார்ப்பது, மின்தடையை (ஓம் கணக்கில்) அளக்கும் மல்டிமீட்டர் வைப்பது, தாழ்ந்த ஒலியை மெல்ல ஏற்றி இறக்கிக் கேட்பது. நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட 8 ஓம் கேபினட்டை மனத்தில் வைத்து மூன்றையும் எடைபோடுகிறேன்.

மாற்றிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். முதலில் கேபிள், பிறகு ஆம்ப் (கிட்டாரின் மின்சைகையைப் பெருக்கும் கருவி), அதன் பிறகே கேபினட். கிட்டாரை ஆம்புடன் இணைக்கும் மெல்லிய கேபிளை ஸ்பீக்கருக்குச் செருகியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல நேரங்களில் கோளாறு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் இந்த வழி குற்றவாளி எந்தப் பெட்டி என்று மட்டும் சொல்லும். பெட்டிக்குள் என்ன நடந்தது என்று சொல்லாது. ஏமாற்றவும் செய்யும். 8 ஓம் கேபினட்டைக் கழற்றி 4 ஓம் கேபினட்டை மாட்டினால் டிரான்சிஸ்டர் ஆம்ப் கூடுதல் வாட் தள்ளும். ஒலி பெருகியதைக் கேட்டுவிட்டு, நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டியைக் குறை சொல்வார்கள். வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதை அணைக்காமல் கேபினட்டைக் கழற்றவே கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

மல்டிமீட்டருக்குத்தான் என் முதல் ஓட்டு. மலிவான கருவி, பெட்டியைத் திறக்கவும் வேண்டியதில்லை. கேபிளின் ஒரு முனை கேபினட்டில் இருக்கட்டும். ஆம்பிலிருந்து கழற்றிய மறுமுனையில் மீட்டரை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் 6 ஓம் காட்டுவதுதான் இயல்பு. நம் பெட்டியில் இரண்டிரண்டு ஸ்பீக்கர்கள் தொடராகவும், அந்த இரு ஜோடிகள் இணையாகவும் இருப்பதால், மொத்தமும் அதே 6 ஓம்தான் வர வேண்டும். 12 ஓம் வந்தால் ஒரு ஜோடியில் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அறுந்தாலே அதன் ஜோடியும் பேசாது. 4 ஓம் பக்கம் இறங்கினால் ஒரு காயில் ஷார்ட் ஆகியிருக்கலாம். அந்த நிலையில் ஆம்பை அதில் மாட்டாமல் இருப்பது நல்லது.

மீட்டர் இல்லாதவர்கள் கோன் (ஸ்பீக்கரின் முன்புறக் கூம்பு) ஆடுகிறதா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். அது நம்பத்தகாத சோதனை. உள்ளே தடுப்பு இல்லாத பெட்டியில், உயிரோடிருக்கும் ஸ்பீக்கர்கள் காற்றைத் தள்ளி இழுக்கும்போது காயில் அறுந்த ஸ்பீக்கரின் கோனும் சேர்ந்து ஆடும். கண்ணுக்கு நான்கும் உழைப்பதாகவே தோன்றும்.

மீட்டருக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. துருவம் மாற்றிப் பற்றவைத்த ஸ்பீக்கரை அது கண்டுகொள்ளாது. பழுது பார்த்து வந்த பிறகு தாழ்ந்த ஒலி காணாமல் போனால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஒரு 9 வோல்ட் பேட்டரியைக் கேபிள் முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் நான்கு கோன்களும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். மீட்டர் சரியான எண்ணைக் காட்டியும் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அதன் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். டுவீட்டருக்கு (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) முன்னால், மீட்டரின் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருப்பதால் அதன் நிலையையும் மீட்டர் சொல்லாது. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு, கோனை விரல்களால் மெல்ல அழுத்தியபடியே எண்ணைக் கவனியுங்கள்; எண் தாவினால் கம்பி எங்கோ ஒடிந்திருக்கிறது.

கரகரப்பு என்றால் மீட்டர் பெரும்பாலும் உதவாது. ஒலி ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. கைபேசியில் சைன் அலை (ஒரே அலைவெண் கொண்ட தூய ஒலி) எழுப்பும் செயலியை ஆம்பின் ஆக்ஸ் துளையில் இணைத்து, குறைந்த ஒலியில் 200 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்குங்கள். கடைசித் தந்தியின் ஈ சுரம் 41 ஹெர்ட்ஸ். போர்ட் (காற்று போய்வரும் துளை) உள்ள பெட்டியில் அதற்கும் கீழே போய் ஒலியைக் கூட்டாதீர்கள். போர்ட்டின் இசைவு அலைவெண்ணுக்குக் கீழே கோனுக்குக் காற்றின் பிடி கிடைக்காது. அளவுக்கு மீறி ஆடிக் கிழியும். கரகரப்பு எழும் இடத்தில் நிறுத்திவிட்டு கிரில், கைப்பிடி, மூலை உலோகம், பின்பலகை, டஸ்ட் கேப் (கோனின் நடுவிலுள்ள மூடி) என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான். ஒரு தளர்ந்த திருகுக்காக முழு ஸ்பீக்கரையும் மாற்றியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எதை அழுத்தியும் நிற்காமல், கோனைச் சீராகத் தள்ளும்போதே உரசும் ஓசை வந்தால் காயில், அதைச் சுற்றியுள்ள காந்த இடைவெளியில் சிராய்க்கிறது. அது பட்டறை வேலை.

சில சுரங்கள் இடித்து, சில மறைந்தால் கேபினட்டைத் திறப்பதற்கு முன் இரண்டடி நகர்த்துங்கள். அறையின் நிலையலைகள், அதாவது சுவர்களில் மோதித் திரும்பி ஓரிடத்தில் ஒலியைக் கூட்டியும் வேறிடத்தில் குறைத்தும் நிற்கும் அலைகள், அப்படிச் செய்யும். டிரம்ஸின் ஸ்நேர் கம்பிகளும் ஜன்னல் கதவும் அதிர்ந்து பெட்டியின் மேல் பழி விழுவதும் உண்டு.

ஆக, ஒலி மெலிந்தால் மீட்டரும் பேட்டரியும், கரகரத்தால் சைன் அலை, நேரமே இல்லாதபோது மட்டும் மாற்றிப் பார்ப்பது. காயில் போனது உறுதியானால், மைக் செட் ஸ்பீக்கர்களுக்குக் காயில் கட்டித்தருபவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் அதே எடையுள்ள கோனும் காயிலும் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய தீல், ஸ்மால் என்ற இரு பொறியாளர்கள் வகுத்த அளவுகளின்படிதான் இன்று பெட்டியின் கொள்ளளவும் போர்ட்டும் பொதுவாகத் தீர்மானிக்கப்படுகின்றன. கோனின் எடை மாறினால் அந்தக் கணக்கே மாறிவிடும். அசல் பாகமும் அதே மாடல் ஸ்பீக்கரும் கிடைக்காவிட்டால், அந்தப் பெட்டிக்குப் பொருந்தும் வேறு மாடலில் நான்கையும் சேர்த்தே மாற்றுவேன். மூன்று ஒருவிதமாகவும் ஒன்று வேறுவிதமாகவும் இருக்க விடமாட்டேன்.