பல் கிளினிக்கில் "மாதத் தவணை" என்றால், கடன் யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் தனியார் பல் கிளினிக்கில் "மொத்தமாகக் கட்ட வேண்டாம், மாதாமாதம் கட்டினால் போதும்" என்று சொன்னால், ஓடிபி சொல்வதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். அந்தத் தவணையை உங்களுக்குத் தருவது கிளினிக் இல்லை. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் எழுதுகிறது. அந்தப் பணம் ஓரிரு நாளில் முழுசாகக் கிளினிக்கின் கணக்குக்குப் போய்விடுகிறது. சிகிச்சையோ மாதக்கணக்கில் நடக்க வேண்டியது. அது பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. என் அம்மா விஷயத்தில் நடந்தது இதுதான்.

அம்மாவுக்கு வயது 63, சர்க்கரை உண்டு. கடைவாய்ப் பல் வலி தாங்க முடியாமல் முதலில் அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம். பல் பிரிவில் ஒரே மருத்துவர், ஒரே நாற்காலி, வராண்டா முழுக்கக் கூட்டம். அவ்வளவு நெருக்கடியிலும் அவர் பொறுமையாகப் பார்த்தார். பிடுங்குவதென்றால் இன்றே பிடுங்கிவிடலாம், பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ரூட் கேனல் செய்து, அதாவது வேருக்குள் சுத்தம் செய்து அடைத்து, மேலே உறை மாதிரிக் கேப் போட வேண்டும், அதற்கு இங்கே வசதி இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கூலி வேலை செய்கிறவருக்குப் பல் வலித்தால் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது பிடுங்குவது மட்டும்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. காப்பீடும் கைகொடுக்காது. அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. ரூட் கேனல், கேப் எல்லாம் பொதுவாக அதில் வராது.

இப்படிக் கையில் மொத்தப் பணம் இல்லாமல், பல்லையும் விட மனமில்லாமல் நிற்கிறவர்களைத்தான் இந்தத் தவணைத் திட்டங்கள் பிடிக்கின்றன.

நாங்கள் போனது புதுச்சேரியில் ஒரு கிளினிக். மருத்துவர் அம்மாவின் வாயைப் பார்த்தது சில நிமிடம்தான். அதன்பிறகு எங்களோடு உட்கார்ந்து பேசியதெல்லாம் 'ஒருங்கிணைப்பாளர்' என்ற ஒரு பெண். மூன்று பல்லுக்கு ரூட் கேனலும் கேப்பும், ஏற்கெனவே விழுந்த இரண்டு பல்லுக்கு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்), மொத்தம் 96,000 ரூபாய் என்றார். நான் தயங்கியதும், "அக்கா, வட்டியே கிடையாது. மாசம் 8,000, பன்னிரண்டு மாசம். இன்னைக்குப் புக் பண்ணினா இந்த ரேட்" என்றார். ஆதார், பான் அட்டை, வங்கி விவரம் எல்லாம் என்னுடையது. என் போனுக்கு அடுத்தடுத்து ஓடிபி வந்தது. பரிசீலனைக் கட்டணம் 2,000, அதற்கு ஜிஎஸ்டி 360 என்று தனியாகப் பிடித்தார்கள். கடன் ஒப்பந்தம் இரவு மின்னஞ்சலில் வந்தது, பல பக்கம், முழுக்க ஆங்கிலத்தில். அதில்தான் நிதி நிறுவனத்தின் பெயரையே நான் முதல் தடவை பார்க்கிறேன்.

அம்மாவிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மரப்பு ஊசி போட்டு வாய் மரத்திருந்த நேரம், சிகிச்சைக்குச் சம்மதம் என்றுதான் அவரிடம் சொன்னார்கள். 'சிகிச்சை தொடங்கிவிட்டது, எனக்குத் திருப்தி' என்ற வாசகமும் அதில் இருந்தது பிற்பாடு தெரிந்தது. இந்தத் தாளை மறந்துவிடாதீர்கள்.

பல் சுத்தம் செய்தார்கள். ஒரு பல்லில் ரூட் கேனலைத் தொடங்கி, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். அதோடு சரி. ரூட் கேனல் செய்கிற டாக்டர் வெளியூரிலிருந்து வருகிறவர், அவர் வருகிற நாளைச் சொல்கிறோம் என்றார்கள். கடலூரிலிருந்து அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனால், டாக்டர் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க என்று பதில். நடுவில் தற்காலிக அடைப்பு உதிர்ந்து, தாடை வீங்கி, அம்மா கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தார். 8,000 ரூபாய் மட்டும் மாதம் தவறாமல் என் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

நிதி நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "பணம் கிளினிக்குக்குப் போய்விட்டது மேடம், சிகிச்சை பற்றி அவர்களிடம் பேசுங்கள்" என்றார்கள். கிளினிக்கில் கேட்டால், "நாங்கள் சிகிச்சையை நிறுத்தவில்லையே, டாக்டர் வந்ததும் செய்வோம்" என்றார்கள். இந்தப் பதிலில்தான் சூட்சுமம் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கிறது என்று கிளினிக் சொல்லும்வரை நிதி நிறுவனம் கடனை ரத்து செய்யாது. அதற்கு ஆதாரமாக அம்மாவின் கையெழுத்தும் அவர்களிடம் இருக்கிறது. சரி, கணக்கில் பணம் வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பீர்கள். தவணை திரும்பினால் அதற்கு அபராதம், வங்கியிலும் தனிப் பிடித்தம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் விழும். நாளைக்கு நகைக்கடன் தவிர வேறு கடன் கிடைப்பது கஷ்டமாகிவிடும்.

கடைசியில் அம்மாவின் பல்லைக் காப்பாற்றியது அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. நம் பகுதியில் இப்படி இரண்டு இருப்பது பலருக்குத் தெரியவில்லை. ஒன்று புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம், புதுச்சேரி அரசுடையது. இன்னொன்று சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருப்பது, முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் இருந்து, இப்போது தமிழக அரசின் கையில் உள்ளது. இங்கெல்லாம் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். நேரம் பிடிக்கும், காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும், பல தடவை அலைய வேண்டும். தினக்கூலிக்காரர்களுக்கு அந்த அலைச்சலும் ஒரு செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படியையும் சொல்லிச் செய்கிறார்கள், செலவும் தனியாரோடு பார்த்தால் மிகக் குறைவு.

அங்கே அம்மாவிடம் முதலில் கேட்டது சர்க்கரை அளவு. மூன்று மாத சராசரி எடுத்துப் பார்த்துவிட்டு, இது கட்டுக்குள் வராமல் இம்ப்ளான்ட் பற்றிப் பேசவே கூடாது, ஈறும் எலும்பும் ஒத்துழைக்காது என்றார்கள். அந்தத் தனியார் கிளினிக்கில் சர்க்கரை பற்றி யாரும் கேட்கவே இல்லை. புதிதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், ரூட் கேனல் தேவை என்று சொல்லப்பட்ட மூன்று பல்லில் இரண்டுக்குச் சாதாரணமாக அடைத்தாலே போதும் என்று தெரிந்தது. அவற்றை அடைத்து, பாதியில் விட்ட பல்லை முடித்து, விழுந்த பல்லுக்குக் கழற்றி மாட்டும் செட் கொடுத்தார்கள். அம்மா இப்போது முறுக்கு கடிப்பதில்லை, மற்றதெல்லாம் சாப்பிடுகிறார்.

கடன் விஷயத்தில் உங்களுக்கு உள்ள உரிமைகளைக் கிளினிக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் விவரத்தாளை, 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்பார்கள், ஒப்பந்தத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். 2024-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவுப்படி அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். போன் வழியாக எடுக்கும் இந்த மாதிரிக் கடன்களில், மனம் மாறினால் அபராதம் இல்லாமல் வெளியே வர ஒரு அவகாசமும் உண்டு. அது சில நாள்தான், எத்தனை நாள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். அசலையும், வைத்திருந்த நாளுக்கான வட்டியையும் கட்ட வேண்டும், பரிசீலனைக் கட்டணம் மட்டும் திரும்பி வராமல் போகலாம்.

வட்டியில்லாத் தவணை என்பதையும் நம்பாதீர்கள். அப்படி ஒன்றே கிடையாது என்று வீட்டுப் பொருட்கள் விற்பனை சம்பந்தமாக ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே தவணை கொடுக்க நினைக்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர், அன்றைக்கு என்ன செய்தாரோ அதற்கு மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனி விலை, எக்ஸ்ரே பிரதி, சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும், இவற்றைத் தாளில் எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நிதி நிறுவனத்துக்குப் புகாரை எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தொலைபேசி எண் 14448. கிளினிக் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், அதனால் கிளினிக் புதுச்சேரியில் இருந்தாலும் எங்கள் மனு கடலூரில்தான். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே கேட்கலாம்.

எழுத்துப்பூர்வமாகப் போன பிறகுதான் அசைந்தார்கள். இம்ப்ளான்டுக்கான 60,000 ரூபாயைக் கிளினிக் திருப்பிக் கொடுக்க, கடனில் கழித்தார்கள். மீதிப் பணத்துக்கும் அம்மா பட்ட அவதிக்கும் மனு நிலுவையில் இருக்கிறது. அதே கிளினிக்கில் பணம் கட்டிவிட்டு நிற்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பதை அங்கே காத்திருந்தபோது பார்த்தேன். ஒரே பாதிப்புள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் மனு போடலாம். அவர்களில் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், எங்கள் மனுவின் நகலையும் ஆவணங்களின் பட்டியலையும் அனுப்புகிறேன். புகாருக்கான காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.