3,800 வெள்ளி போய்விட்டது: ஆட்குறைப்புக்கு ஆளானவர்களே, ஏமாந்துவிடாதீர்கள்

நேற்று இரவு ஒரு பொட்டுத் தூக்கமில்லை. ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். வேலை போன வீட்டிலிருந்து 3,800 சிங்கப்பூர் வெள்ளியை வாங்கிக்கொண்டு ஒரு பயிற்சி மையத்தார் கையை விரித்துவிட்டார்கள். தொலைக்காட்சி வேலையை இழந்து நிற்கும் எவரும் இவர்களிடம் சிக்கக்கூடாது. வேறு வேலைக்கு மாறுவது எப்படி என்பதற்கும் கடைசியில் சில யோசனைகள் சொல்கிறேன்.

நான் 14 ஆண்டுகள் படத்தொகுப்பாளர். தமிழ் ஒளிவழிக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை. நாடகம், சமையல், தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி, எதுவானாலும் என் மேசைக்கு வந்துதான் வெளியே போகும். மார்ச் மாதத்தில் ஆறு பேரைக் கூப்பிட்டு ஆட்குறைப்புக் கடிதம் கொடுத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளம் என்று கணக்குப் போட்டு இழப்பீடும் கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. வேலை குறைந்துகொண்டே வந்ததை நாங்களே கண்ணால் பார்த்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். ஊடகத்தில் வேலை இழந்தவர்களை மின்னிலக்கத் துறைக்கு மாற்றிவிடுவதாக ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்யும் ஒரு மையம். தொலைபேசி எண்ணைக் கொடுத்த அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. மறுநாளே நேரில் போனேன். கண்ணாடி அறையில் ஒரு தமிழ் இளைஞர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "அக்கா, உங்கள் பெயரை நான் பார்த்திருக்கிறேனே! தீபாவளி நிகழ்ச்சி முடியும்போது பெயர்ப் பட்டியல் ஓடுமே, அதில். பெயரெல்லாம் ஓடி முடியும்வரை எங்கள் பாட்டி தொலைக்காட்சியை அணைக்க விடமாட்டார்" என்றார்.

14 ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பட்டியலை 20 விநாடிக்குள் சுருக்கச் சொல்வார்கள். சுருக்குவது நான்தான். யாரும் படிக்க முடியாத வேகத்தில் ஓடும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர் முன்னால் என் தன்விவரக் குறிப்பு விரித்துக் கிடந்தது, அந்த நிகழ்ச்சியின் பெயரோடு. அங்கே பார்த்துவிட்டுத்தான் பேசினார் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

12 வாரப் பயிற்சி, மூன்று நிறுவனங்களில் நேர்முகத் தேர்வு உறுதி, கட்டணம் 3,800 வெள்ளி என்றார். நான் தயங்கினேன். "அக்காவுக்கு 40 வயது தாண்டிவிட்டதே, ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 4,000 வெள்ளி இருக்கிறது. இப்போது கட்டிவிடுங்கள், பிறகு அதிலிருந்து திரும்ப வந்துவிடும்" என்றார். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்பது திறன் பயிற்சிக்கான அரசாங்கத் திட்டம்; 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கெல்லாம் அதில் அந்தத் தொகை கிடைத்தது உண்மை. அதனால் நம்பினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேநவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றம் வழியாக 3,800 வெள்ளி அனுப்பினேன்.

அந்த 4,000 வெள்ளி கையில் எடுக்கக்கூடிய பணமே அன்று. அதற்கென்று அங்கீகரித்த பயிற்சிகளுக்கு மட்டுமே அது செல்லும். வீட்டுக்கு வந்து மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் தேடினேன். அந்தப் பயிற்சியும் இல்லை, அந்த மையமும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய காணொளிகள். கைப்பேசியில் காட்சிகளை வெட்டி ஒட்டுவது எப்படி என்று 14 ஆண்டு படத்தொகுப்பாளருக்குப் பாடம்!

ஐந்தாம் வாரம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அன்று முதல் "அக்கா" என்ற சொல் நின்றுபோய் "மேடம்" ஆகிவிட்டது. மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் மேடம். பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார் மேடம். அடுத்த வாரம் அழைக்கிறோம் மேடம். பிறகு அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. நேரில் போனால் வரவேற்பில் இருந்த பெண், முன்பதிவு இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்.

உறுதியளித்த மூன்று நேர்முகத் தேர்வுகள் எங்கே என்று மின்னஞ்சலில் கேட்டேன். நாங்கள் வேலைவாய்ப்பு முகவர் அல்லர், பயிற்சி மையம் என்று பதில். பயிற்சி சரியில்லை, பணத்தைக் கொடுங்கள் என்றேன். இது பயிற்சி அன்று, ஆலோசனைச் சேவை, ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தைப் பாருங்கள், கட்டணம் திருப்பித் தரப்படாது என்று அடுத்த பதில். வேலை தேடித் தரும் முகவர் என்றால் மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும், வேலை தேடுபவரிடம் வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அதற்குள் வராமல் இருக்கத்தான் கேள்விக்கு ஏற்ற வேஷம் போடுகிறார்கள்.

3,800 வெள்ளி எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. கணவர் பேருந்து ஓட்டுகிறார், மகன் தொடக்கநிலை 6. செய்தியைச் சொன்னபோது கணவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

நேற்று சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட்டுவிட்டேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை, அவர்களும் தாங்களேதான் வந்து பதில் சொல்ல வேண்டும். நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

யோசனைகள் சொல்கிறேன் என்றேன். விரிவாக எழுத மனம் வரவில்லை. முதல் சந்திப்பிலேயே பணம் கட்டாதீர்கள். பிறகு திரும்ப வரும் என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். ஜூரோங் ஈஸ்டில் உள்ள, என்டியுசி தொழிற்சங்க அமைப்பின் இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்தில் வேலை ஆலோசனை இலவசம். இப்போது அங்கேதான் போய்வருகிறேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். மாதம் 5,000 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பளம் வாங்கி வேலை இழந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும் உதவித் திட்டமும் 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. தகுதி உண்டா என்று பாருங்கள்.

என்னோடு அந்தப் பயிற்சியில் இருந்தவர்கள் இதைப் படித்தால், பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். தனியாக எனக்கு எழுதுங்கள். மனு எண்ணை அனுப்புகிறேன்.