கூட்டா கட்டுற டேமா, தனியா கட்டுற டேமா?

ரெண்டு நாட்டு ஆத்துல பெரிய டேம் கட்டணும்னா பக்கத்து வீட்டுக்காரனையும் சேத்துக்கணுமா, இல்ல நம்ம பாட்டுக்கு கட்டிடலாமான்னு குழம்புறவங்க பிரேசிலும் பராகுவேயும் எல்லை ஆத்துல கூட்டா கட்டுன இத்தாய்ப்பூ டேமையும், எத்தியோப்பியா நைலோட கிளை ஆத்துல தனியா கட்டுன ரினைசன்ஸ் டேமையும் பாருங்க.

காசு: இத்தாய்ப்பூ பெருசா கடன்ல கட்டுனது, 2023லதான் அடைஞ்சுது. ரினைசன்ஸுக்கு சொந்த மக்கள்கிட்டயே பாண்டு வித்தாங்க.

கரண்ட்: இத்தாய்ப்பூ 14,000 மெகாவாட், ரினைசன்ஸ் 5,150.

உறவு: இங்கதான் மேட்டரே. 1973 ஒப்பந்தப்படி இத்தாய்ப்பூ சரிபாதி, 20 டர்பைன்ல 10 பராகுவேக்கு, 10 பிரேசிலுக்கு, ஆனா பராகுவேக்கு அவ்ளோ கரண்ட் தேவைப்படல, மிச்சத்த பிரேசிலுக்கே குடுக்கணும்னு இருந்ததால விலை பத்தி வருஷக்கணக்கா புகைச்சல். எத்தியோப்பியா 2011ல ஆரம்பிச்சு 2025ல திறந்துடுச்சு, ஆத்தோட கீழ்ப்பக்கம் இருக்குற, நைல் ஆத்த விட்டா தண்ணிக்கு கிட்டத்தட்ட வேற வழியே இல்லாத எகிப்து ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் வரைக்கும் போச்சு, தண்ணிய எப்படி விடணும்னு கையெழுத்து மட்டும் இன்னும் ஆகல.

ஆறே எல்லைன்னா கூட்டுதான், வேற வழியில்ல. டேம் முழுக்க உங்க மண்ணுல, கடன் குடுக்க ஆளில்ல, கரண்ட் இப்பவே வேணும்னா தனியா கட்டலாம், ஆனா வறட்சி வருஷத்துக்கான கணக்க மொதல்லயே பேசிடுங்க.