சம்ப்புக்குள் இறங்கிய மோட்டார்: ஆறு ஆண்டு அனுபவம்

வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டில் எட்டடி ஆழச் சம்ப்பிலிருந்து (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கு, தரைமேல் இருந்தபடி தண்ணீரை உறிஞ்சும் அரை ஹெச்.பி. (குதிரைத்திறன்) செல்ஃப் பிரைமிங் மோனோபிளாக் மோட்டாரைத்தான் பல ஆண்டுகள் பயன்படுத்தினோம். 2019 ஆகஸ்டில் அதைக் கழற்றிவிட்டு, சம்ப்பின் தரையிலேயே நீரில் மூழ்கிக் கிடக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் மோட்டாரைப் போட்டோம். அது ஆறு ஆண்டுகள் ஓடிய பிறகே இதை எழுதுகிறேன்.

பழைய மோட்டார் போர்டிகோவில், சம்ப் மூடிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது முழுவதுமாக மூழ்கியதால் காயில் கட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு, உறிஞ்சு குழாயின் அடியில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் மணல் துணுக்கு சிக்கிக்கொள்ளும் போதெல்லாம் உறிஞ்சு குழாயில் நின்ற நீர் இறங்கிவிடும். காலையில் சுவிட்சைப் போட்டால் சத்தம் மட்டும் வரும், தண்ணீர் வராது. மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றி மோட்டாரைக் கிளப்புவது வீட்டு வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீரை நம்பியிருந்த நாள்களில், சம்ப் காலியானது தெரியாமல் மோட்டார் வெறுமனே ஓடி, வாட்டர் சீல் கருகியதோடு அதன் ஆயுள் முடிந்தது.

புதியது வாங்கப் போனபோது, ஒரு ஹெச்.பி. மோட்டாராக எடுத்துக்கொண்டால் தொட்டி சீக்கிரம் நிரம்பும் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். சம்ப்பின் அடியிலிருந்து தொட்டியின் வாய் வரை அளந்து பார்த்ததில், குழாயின் உராய்வையும் சேர்த்து எங்களுக்குத் தேவைப்பட்ட ஹெட், அதாவது மோட்டார் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரக் கணக்கு, சுமார் 12 மீட்டர்தான். அவர் காட்டியதோ அதைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட மாடல். இவ்வகை மோட்டாரைக் குறைந்த உயரத்தில் ஓட்டினால் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாயும். அதனால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். உயரம் குறைந்தால் மோட்டாருக்குச் சுமையும் குறையும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். பெயர்ப்பலகையில் அச்சிட்டிருக்கும் ஹெட் எல்லைக்குள் நம் வீட்டு உயரம் வருகிறதா என்று பாராமல் ஹெச்.பி.யை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு என்பது என் கருத்து. அரை ஹெச்.பி.யே போதுமானதாக இருந்தது. முன்பு அரை மணி நேரம் எடுத்த ஆயிரம் லிட்டர் தொட்டி இப்போது கால் மணி நேரத்தில் நிரம்புகிறது.

பொருத்தும்போது இரண்டு விஷயங்களில் எலக்ட்ரீஷியனை அவசரப்பட விடவில்லை. எங்களுடையது உள்ளே நீர் நிரப்பப்படும் வகை என்பதால், இறக்குவதற்கு முன் அதன் பிளக்கைக் கழற்றிச் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் காற்று முழுவதும் வெளியேறிய பிறகே மூடினோம். உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்களுக்கு அந்த நீர்தான் எண்ணெய். அடுத்தது, நாம் புழங்கும் தண்ணீருக்குள்ளேயே மின்சாரம் போகிறது என்பதால், முறையான எர்த்தோடு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டாக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை போர்டிகோவுக்குள் புகுந்தபோது மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீரில் கிடப்பதற்கென்றே பிறந்ததற்கு வெள்ளம் என்ன செய்யும்! மாறாக, சுவரில் மூன்றடி உயரத்தில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்து போனது. இப்போது அது ஆறடி உயரத்தில் இருக்கிறது. வெள்ள நீர் கலந்த சம்ப்பை முழுவதும் இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் இட்ட பிறகே மீண்டும் பயன்படுத்தினோம்.

பராமரிப்பு என்று பார்த்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்ப் கழுவும் நாளில் மெயினை அணைத்துவிட்டு மோட்டாரை மேலே தூக்கி, வலையில் படிந்த உப்பையும் சேற்றையும் தேய்த்து எடுக்கிறோம். தூக்குவதற்கு நைலான் கயிறுதான். கேபிளைப் பிடித்து இழுத்தால் ஜாயின்ட் விட்டுப்போகும். சேறு உள்ளே போகாதிருக்க, மோட்டாரை ஒரு கடப்பா கல்லின் மேல் வைத்திருக்கிறோம். பெட்டியில் உள்ள ஆம்பியர் மீட்டரையும் அவ்வப்போது பார்ப்பதுண்டு. நான்காம் ஆண்டில் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றபோது மெக்கானிக் காயில் போய்விட்டது என்றார். கெபாசிட்டரை மாற்றியதும் ஓடிவிட்டது. அன்றிலிருந்து ஒரு கெபாசிட்டர் எப்போதும் அலமாரியில் இருக்கிறது.

குறை ஒன்று உண்டு. மோட்டார் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும் என்பதால், அது வெறுமனே ஓடாதபடி நீர்மட்டத்தில் மிதக்கும் ஃப்ளோட் சுவிட்ச், தண்ணீர் ஓரடிக்கும் சற்று மேலே இருக்கும்போதே அதை நிறுத்திவிடுகிறது. அந்த அடித் தண்ணீர் தொட்டிக்கு ஏறுவதில்லை. மற்ற மாதங்களில் அது உறுத்துவதில்லை. மே மாதத்தில் லாரி தாமதமாகும் நாள்களில் மட்டும் அம்மா கயிறும் வாளியுமாகச் சம்ப் மூடியைத் திறப்பார். பழைய மோட்டாராக இருந்திருந்தால் இந்தத் தண்ணீரும் மேலே போயிருக்கும் என்று அப்போது சொல்வார், எனக்கும் மறுத்துப் பேச எதுவும் இருப்பதில்லை.