கிலோமீட்டரை நம்பலாம், மணி நேரத்தை நம்ப வேண்டாம்

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லும் செயலி ஒன்றை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம். நான் பார்த்த இந்த வகைச் செயலிகளில் பலவும் இப்படித்தான் கணக்குப் போடுகின்றன.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லண்டன், நியூயார்க் விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 5,540 கி.மீ. என்கிறது, சரிதான். மைலிலும் கடல் மைலிலும்கூடப் பார்க்கலாம். வரைபடத்தில் கோடு வடக்கே வில்லாக வளைந்து போவதைப் பார்த்து ஆரம்பத்தில் குழம்பினேன். ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தேன், நூலும் அதே வழியில்தான் போனது. அதுதான் குறுக்கு வழி.

பிரச்சினை நேரத்தில். போன குளிர்காலத்தில் அண்ணி ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போனார். அவருக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வலிப்பு மாத்திரை, நேரம் தவறக் கூடாது. தூரம் சுமார் 7,800 கி.மீ., பயணம் 9 மணி 40 நிமிடம் என்றது செயலி. அதை நம்பி, ஏறுவதற்கு முன் மாலை 4.30-க்கு ஒன்று, இறங்கிய பிறகு ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் டிக்கெட் வந்தது. மாலை 5.30-க்குக் கிளம்பி, மறுநாள் மதியம் 1.30-க்கு இறங்குகிறது. குளிர்காலத்தில் டோக்கியோ 7 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் 13 மணி நேரப் பயணம்! அடுத்த மாத்திரை நடுவானில் வருகிறது. நான் கழித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் மாத்திரை டப்பா சரக்குப் பெட்டியோடு போயிருக்கும். அதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வழி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இந்த விமானங்கள் வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போகின்றன. செயலி மட்டும் இன்றைக்கும் சைபீரியாவுக்கு மேலே கோடு போடுகிறது.

காற்றையும் அது கணக்கில் எடுப்பதில்லை. லண்டன்–நியூயார்க் போக, வர இரண்டுக்கும் 7 மணி நேரம் என்கிறது. அந்தத் தடத்தில் மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால், நியூயார்க் போகும்போது பெரும்பாலும் ஒரு மணி நேரமாவது கூடுதலாகும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் இரவில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனைத் தொட்டது.

தூரத்துக்கு ஐந்துக்கு ஐந்து, நேரத்துக்கு ஒன்று. பயண நேரம் வேண்டுமென்றால் டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிக் கழியுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடங்கிவிடும். போகவும் வரவும் தனித்தனி நேரம் காட்டுங்கள், மூடிய வான்வழி குறுக்கே வந்தால் ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள் என்று செயலிக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன். செய்தால் இரண்டு நட்சத்திரம் கூட்டுகிறேன்.